எங்க ஊர்த் தண்ணீரின் அடிக்கணக்கு



மலருக்கு ஊர் வரலாறு ஒண்ணு எழுதிக் குடுக்கணும்னு கூட்டமைப்புக் கூட்டத்தில் என் பெயரைச் சொன்னப்போ, எனக்கு என்ன வரலாறு தெரியும்னு மறுத்தேன். பத்தாவதோடு படிப்பு நின்னு போச்சு. எங்க ஊரில் கோட்டையும் இல்லை, கல்வெட்டும் இல்லை. ஆனால் எங்க குழுவின் கணக்கை ஒன்பது வருஷமாக நான்தான் எழுதுறேன். பழைய தீர்மானப் புத்தகமும் கடன் பதிவேடும் எங்க வீட்டு டிரங்குப் பெட்டியில்தான் இருக்கு. ஒருநாள் மத்தியானம் எல்லாத்தையும் வெளியே எடுத்து வச்சு, முதல் பக்கத்தில் இருந்து படிச்சேன்.

கடன் பதிவேட்டில் 'நோக்கம்' என்று ஒரு கட்டம் இருக்குமே, அதை மட்டும் வரிசையாகப் பார்த்துக்கிட்டே வந்தேன். எங்க குழு 2002-ல் தொடங்கினது. முதல் தலைவி என் மாமியார். அப்போ இருக்கிற நோக்கம் எல்லாம் கறவை மாடு, பள்ளிச் செலவு, வைத்தியம், கிணறு தூர் வாருதல். நாலைந்து வருஷம் கழிச்சு 'போர்' என்ற சொல் முதல்முறையாக வருது. அப்புறம் 'போர் மோட்டார்'. அப்புறம் 'மோட்டார் தூக்க'. கடைசியில் 'மறு போர்'. படிச்சு முடிச்சப்போ எங்க ஊர் வரலாறு இதுதான்னு தோணுச்சு. ராஜா கதை இல்லை, தண்ணி எத்தனை அடிக்குப் போச்சு என்கிற கதை. அதைத்தான் எழுதுறேன்.

கிணற்றுக் காலம்

என் பாட்டி காலத்தில் தண்ணின்னா கிணறுதான். எங்க பக்கத்துக் கிணறு முப்பதடி, நாற்பதடி இருக்கும். ஆளுங்க கடப்பாரை, சம்மட்டி வச்சு வெட்டி, பாறை வந்தால் வெடி வச்சுத் தோண்டினது. வயலுக்கு மாடு கட்டிக் கவலை இறைப்பாங்க. வீட்டுக்கு ராட்டினத்தில் கயிறு போட்டுச் சேந்துவாங்க. கோடையில் தண்ணி கீழே போகும்போது கிணற்றுக்குள் இறங்கி ஊத்துத் தோண்டுவாங்க, தூர் வாருவாங்க.

கிணற்றில் ஒரு நல்ல விஷயம் உண்டு. எட்டிப் பார்த்தால் தண்ணி கண்ணுக்குத் தெரியும். "இந்த வருஷம் ஆறாவது படி தெரியுது, பார்த்துச் செலவு பண்ணுங்க" என்று பாட்டி சொல்லுவாங்களாம். ஊரில் இருக்கிற எல்லாருக்கும் இருப்பு எவ்வளவுன்னு தெரியும். நம்ம குழுவில் மாசா மாசம் சேமிப்பு எவ்வளவு, கடன் எவ்வளவுன்னு சத்தமாகப் படிக்கிறோமே, அதுமாதிரி.

எங்க தர்மபுரி மாவட்டம் கடினப்பாறை மேல் உட்கார்ந்திருக்கிற ஊர். மேலே கொஞ்சம் மண், அதுக்குக் கீழே பொடிஞ்ச பாறை, அதுக்கும் கீழே கெட்டிப்பாறை. மழைத்தண்ணி இறங்கித் தேங்குறது பெரும்பாலும் அந்தப் பொடிஞ்ச பாறையில்தான். கிணறு எடுத்தது அந்தத் தண்ணியை. கெட்டிப்பாறைக்குள் தண்ணி தேங்க இடமே கிடையாது, வெடிப்பு இருந்தால் அதுக்குள்ளே மட்டும் ஓடும். வெடிப்பு மாட்டலேன்னா எத்தனை அடி போனாலும் புகைதான்.

அடிபம்புக் காலம்

நான் பிறந்து வளர்ந்தது அடிபம்புக் காலம். விடியக்காலம் நாலு மணிக்கே குடத்தை வரிசையில் வச்சுட்டு வந்து படுப்போம். கைப்பிடியில் இரண்டு பேர் தொங்கினால்தான் தண்ணி வரும். சின்ன வயசில் அது எங்களுக்கு ஊஞ்சல் மாதிரி. அந்தப் பம்புக்கு இவ்வளவு பெரிய கதை இருக்குன்னு பிற்பாடுதான் தெரிஞ்சுக்கிட்டேன்.

1966, 67-ல் பீகாரிலும் உத்தரப்பிரதேசத்திலும் பெரிய வறட்சி வந்தது. அப்போ யுனிசெஃப் நிறுவனம் பாறையைத் துளைக்கிற புது மெஷின்களை வெளிநாட்டில் இருந்து கொண்டுவந்தது. அதுக்கு முன்னால் கெட்டிப்பாறையில் ஒரு குழி போட வாரக்கணக்கில் ஆகும். புது மெஷினில் காற்றழுத்தத்தால் குழிக்குள்ளேயே சுத்தியல் அடிக்கும். ஒன்றிரண்டு நாளில் வேலை முடிஞ்சிடும். நம்ம மாநிலத்தில் 1971-ல் குடிநீர் வடிகால் வாரியம் வந்த பிறகு கிராமம் கிராமமாகக் குழாய்க்கிணறு போட ஆரம்பிச்சாங்க.

குழி போட்டாச்சு, பம்பு நிக்கலை. அப்போ மாட்டினது வார்ப்பிரும்புப் பம்பு. ஒரு வீட்டுக்குத் தாங்குறதை ஒரு ஊரே அடிச்சால் என்ன ஆகும்? 1970-களின் நடுவில் பார்த்தப்போ பெரும்பாலான பம்பு உடைஞ்சுதான் கிடந்தது. அதுக்கப்புறம் மகாராஷ்டிராவில் தேறின ஒரு மாதிரியை எடுத்து, திருத்தி, இந்தியா மார்க் 2 என்று ஒரு பம்பு செஞ்சாங்க. சென்னையில் இருந்த ரிச்சர்ட்சன் அண்ட் குரூடாஸ் கம்பெனியில் 1970-களின் கடைசியில் அதைத் தயாரிச்சாங்க. தலைப்பெட்டியைத் திறந்தால் உள்ளே சைக்கிள் செயின் மாதிரி ஒரு சங்கிலி, கிரீஸ் தடவி இருக்கும். நம்ம தெருவில் நின்ன பம்பு அதுதான். வெளிநாட்டுக்கும் அதே பம்பு போயிருக்கு. அதோட இன்னொரு ரகமான மார்க் 3-ஐக் கோயம்புத்தூர்ப் பக்கம் கிராமங்களில் வச்சுத்தான் சோதிச்சுப் பார்த்தாங்க.

எங்க தெருப் பம்பின் குழி இருநூறு அடிக்குள்தான். அதிலும் இருப்பு ஓரளவு தெரியும். ஒரு குடம் நிறைய இத்தனை அடி என்று எண்ணுவோம். அறுபது அடி, எண்பது அடி, கோடையில் நூற்றைம்பது அடி. கை சொல்லிடும், தண்ணி இறங்குதுன்னு.

ரிக் வண்டிக் காலம்

1990-ல் விவசாயிகள் எல்லாருக்கும் இலவச மின்சாரம் வந்தது. அது வந்ததால் பிழைச்ச குடும்பம் நிறைய, அதில் எங்க அப்பா வீடும் ஒண்ணு. ஆனால் மோட்டார் சுவிட்சைப் போட்டால் கை வலிக்காது. எத்தனை அடின்னு எண்ண வேண்டிய வேலையும் இல்லை. கிணற்றில் தண்ணி வத்தினதும் கிணற்றுக்குள்ளேயே போர் போட்டாங்க. அது வத்தினதும் காட்டில் போர், அப்புறம் வீட்டு வாசலில் போர்.

நாமக்கல் மாவட்டத்தில் இருக்கிற திருச்செங்கோடு ரிக் வண்டிக்குப் பெயர் போன ஊர். அங்கிருந்து கிளம்புற வண்டி இந்தியா முழுக்கப் போகுது, ஆப்பிரிக்கா வரைக்கும் போயிருக்கு. முன்னே சர்க்கார் வண்டி எப்போ வருமோன்னு ஊரே காத்திருந்தது. இப்போ போன் போட்டால் மறுநாள் வாசலில் நிக்குது.

நம்ம குழுக்களின் கதையும் இதே காலத்தில்தான் வருது. தமிழ்நாட்டில் மகளிர் சுய உதவிக் குழுவை அரசு முதன்முதலில் 1989-ல் நம்ம தர்மபுரி மாவட்டத்தில்தான் ஆரம்பிச்சது. அப்போ கிருஷ்ணகிரியும் இதோடு சேர்ந்து இருந்தது. அப்புறம் 1997-ல் இருந்து மகளிர் திட்டமாக மாநிலம் முழுக்கப் பரவினது. முன்னே வீட்டில் போர் போடணும்னா கந்துக்காரர்கிட்ட நிக்கணும். குழு வந்த பிறகு நம்ம கையெழுத்துக்குக் கடன் கிடைச்சுது. அது பெரிய விடுதலை. ஆனால் கடன் சுலபமாகக் கிடைச்சதும் குழியும் சுலபமாகிப் போச்சு. இதை நம்ம மலரில் எழுதாமல் வேறே எங்கே எழுதுறது?

ஆழத்துத் தண்ணி

ஆழமாகப் போகப் போகத் தண்ணியின் குணமும் மாறினது. பாறையில் இருக்கிற தாதுவில் இருந்து ஃப்ளோரைடு என்கிற உப்பு தண்ணியில் கரையுது. பாறைக்குள்ளே ரொம்ப நாள் கிடந்த தண்ணியில் அது அதிகமாக இருக்கும். ஒரு லிட்டரில் ஒன்றரை மில்லிகிராமுக்கு மேல் போனால் குடிக்கக் கூடாது. தொடர்ந்து குடிச்சால் பிள்ளைகளின் பல்லில் பழுப்புக் கறை விழும், பெரியவங்களுக்கு முட்டியும் முதுகும் மரத்துப் போகும். எங்க வகுப்பில் சிரிக்கும்போது வாயைப் பொத்திக்காத பிள்ளைகளைவிடப் பொத்திக்கிறவங்கதான் அதிகம். நாங்க அது பல் விளக்காததால் வந்த கறைன்னு நினைச்சு, செங்கல் பொடி போட்டுத் தேய்ச்சோம்.

ஒண்ணு மட்டும் எல்லாரும் நினைவில் வச்சுக்கணும். தண்ணியைக் கொதிக்க வச்சால் கிருமிதான் சாகும், ஃப்ளோரைடு போகாது. தண்ணி சுண்டுறதால் அது இன்னும் கூடத்தான் செய்யும். கண்ணுக்கும் தெரியாது, நாக்குக்கும் தெரியாது. பரிசோதனை பண்ணினால்தான் தெரியும்.

இதுக்காகத்தான் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்தது. ஜப்பான் நாட்டுக் கடனுதவியோடு 2008-ல் அடிக்கல் நாட்டி, 2013-ல் தொடங்கினாங்க. காவேரித் தண்ணி தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டத்துக்கு வருது. எங்க ஊர் மேல்நிலைத் தொட்டிக்கும் வந்தது. குடிக்க அது போதும். ஆனால் மாடு, துணி, பாத்திரம், வாசல் எல்லாத்துக்கும்? அதனால் வீட்டுக்கு ஒரு போர் என்கிற ஆசை போகலை. எனக்கும் போகலை.

எங்க வீட்டுக் குழி

2016-ல் ஐப்பசி மழை பொய்ச்சுப் போச்சு. 2017 ஜனவரியில் எல்லா மாவட்டத்தையும் வறட்சி மாவட்டம்னு அரசு அறிவிச்சது. அந்த மாசியில் எங்க வீட்டில் போர் போட முடிவு பண்ணினோம். குழுவில் ஐம்பதாயிரம் கடன் எடுத்தேன். மீதிக்கு என் வளையலும் அத்தையின் சங்கிலியும் அடகுக் கடைக்குப் போச்சு.

நீரோட்டம் பார்க்கிறவர் வந்தார். உள்ளங்கையில் தேங்காயை வச்சுக்கிட்டு நடந்தார். வாசலுக்குக் கிழக்கே தேங்காய் எழுந்து நின்னது. கல்லைப் போட்டு அடையாளம் வச்சார். சாயங்காலம் ரிக் வண்டியும் கம்ப்ரசர் வண்டியும் வந்தது. வண்டியில் இருந்த பையன்களில் பாதிப்பேர் பீகார்க்காரங்க. கற்பூரம் கொளுத்தி, எலுமிச்சம்பழம் வச்சு, ஏழு மணிக்கு ஓட்ட ஆரம்பிச்சாங்க.

நாற்பதடி கேசிங் குழாய் இறங்கினது. அதுக்கப்புறம் ராடு மேல் ராடு. வெள்ளைப்புகை தெரு முழுக்கப் பரவினது. சத்தத்தில் பக்கத்தில் நிக்கிறவங்க பேசுறது கேட்காது. முந்நூறில் கொஞ்சம் ஈரம் வந்தது, புகை அடங்கினது, எல்லாரும் ஓடி வந்து பார்த்தோம். மறுபடியும் புகை. ஒவ்வொரு நூறடிக்கும் வண்டிக்காரர் வந்து, "அக்கா, இன்னும் போகலாமா?" என்று கேட்பார். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்றது ரொம்பக் கஷ்டம். நிறுத்தினால் இதுவரைக்கும் போட்ட பணம் போச்சு. போனால் அடுத்த இருபதடியில் தண்ணி இருக்குமோன்னு ஒரு ஆசை. அறுநூற்று நாற்பதில் எங்க வீட்டுக்காரர் கையைக் காட்டி நிறுத்தச் சொன்னார்.

கணக்கை அப்படியே எழுதுறேன், யாருக்காவது உதவும். முதல் முந்நூறு அடிக்கு அடி 70 ரூபாய், 21,000. அதுக்கு மேல் நூறடிக்கு ஒருதரம் பத்து ரூபாய் ஏறும். நானூறு வரைக்கும் 8,000, ஐந்நூறு வரைக்கும் 9,000, அறுநூறு வரைக்கும் 10,000, கடைசி நாற்பதடிக்கு 4,400. கேசிங் நாற்பதடிக்கு 12,000. மொத்தம் 64,400 ரூபாய். கிடைச்சது ஒரு குவியல் பாறைப்பொடி.

வண்டி நிக்கும்போதே இன்னொரு இடம் போட்டுப் பாருங்கன்னு எல்லாரும் சொன்னாங்க. கொல்லைப்பக்கம் இரண்டாவது குழி. விடியக்காலம் எழுநூற்று நாற்பதில் வெடிப்பு மாட்டினது, எழுநூற்று எண்பதில் நிறுத்தினோம். ஒரு இஞ்சுக்குக் கொஞ்சம் குறைவு. அதுக்கு 80,600. இரண்டும் சேர்த்து 1,45,000. மோட்டார், குழாய், ஒயர் எல்லாம் சேர்ந்து இரண்டு லட்சத்தைத் தாண்டிடுச்சு. சேறும் தண்ணியுமாக முகத்தில் அடிச்சப்போ அத்தை அழுதுட்டாங்க. நானும் அழுதேன். அன்னைக்குச் சந்தோஷம்தான், பொய் சொல்லக் கூடாது.

மூடாத குழி

முதல் குழியை நாங்க மறந்துட்டோம். கேசிங் குழாயைப் பாதிக்கு மேல் உருவி எடுத்துப் பின்னால் குழிக்குப் போட்டாச்சு. வாயில் ஒரு சாக்கைத் திணிச்சு, மேலே ஒரு கல்லை வச்சோம். அப்புறமா மூடிக்கலாம்னு விட்டது இரண்டு வருஷத்துக்கு மேல் ஆயிடுச்சு. அந்தக் கல் மேல் உட்கார்ந்து நான் கீரை ஆய்ஞ்சிருக்கேன்.

2019 அக்டோபரில், தீபாவளிக்கு இரண்டு நாள் முன்னால், மணப்பாறைக்குப் பக்கத்தில் நடுக்காட்டுப்பட்டியில் இரண்டு வயசுப் பையன் ஒருத்தன் மூடாத போர்க் குழியில் விழுந்துட்டான். ஞாபகம் இருக்கும் எல்லாருக்கும். நாலு நாள் நாடே டிவி முன்னால் உட்கார்ந்திருந்தது. தீபாவளி அன்னைக்கு எங்க தெருவில் யாரும் வெடி வெடிக்கலை. பிள்ளையை உயிரோடு எடுக்க முடியலை.

முதல் நாள் ராத்திரி டிவியில் அந்தக் குழியின் வாயைக் காட்டினாங்க. அகலம் ஒரு சாணத்துக்குக் கொஞ்சம் கூட இருக்கும். எனக்கு அடிவயிறு கலங்கினது. டார்ச்சை எடுத்துக்கிட்டு வாசலுக்கு ஓடினேன். கல் நகர்ந்திருந்தது. சாக்கு மக்கி உள்ளே போயிருந்தது. எங்க சின்னவனுக்கு அப்போ மூணு வயசு. அந்தக் கல்லைச் சுத்தித்தான் வண்டி ஓட்டி விளையாடுவான். நான் அந்தக் குழி வாயில் ஒரு அலுமினிய அண்டாவைக் கவிழ்த்து, அதுமேல் அம்மிக்கல்லை வச்சு, பக்கத்திலேயே விடியும் வரைக்கும் உட்கார்ந்திருந்தேன்.

காலையில் குழியை மூடினோம். அதுக்கும் ஒரு முறை இருக்கு. 2010-லேயே சுப்ரீம் கோர்ட் சொல்லியிருக்கு. கைவிட்ட குழியைக் களிமண், மணல், கல், தோண்டின பொடி இதையெல்லாம் போட்டு அடியில் இருந்து தரைமட்டம் வரைக்கும் நிரப்பணும். சாக்கும் கல்லும் மூடி ஆகாது. எங்க பாறைப்பொடிக் குவியல் மழையில் பாதி கரைஞ்சு போயிருந்தது. மீதிக்கு டிராக்டரில் மணலும் ஜல்லியும் எடுத்தோம். அறுபத்து நாலாயிரம் கொடுத்துத் தோண்டினதை மூட ஆன செலவு நாலாயிரத்துக்கும் குறைவு. அந்த நாலாயிரத்தைத்தான் இரண்டு வருஷமாகத் தள்ளிப் போட்டிருந்தோம்.

பக்கத்து வீட்டு அக்கா

எங்க தண்ணி மூணு வருஷம் ஓடினது. 2020-ல் பக்கத்து வீட்டு அக்கா தொள்ளாயிரம் அடிக்குப் போர் போட்டாங்க. அவங்களும் நம்ம குழுதான். ஒரு மாசத்தில் எங்க மோட்டார் இருபது நிமிஷத்துக்கு மேல் ஓடலை, காற்றைத்தான் இழுத்தது. நான் அவங்களோடு எட்டு மாசம் பேசலை. குழுக் கூட்டத்தில் எதிரெதிரே உட்கார்ந்து, சேமிப்புப் பணத்தைக்கூட இன்னொருத்தர் கையில் கொடுத்துத்தான் வாங்கினேன்.

ஒருநாள் என் மாமியார் சொன்னாங்க: "நம்ம போர் போட்ட வருஷம்தானே தெருப் பம்பும் நின்னது? அன்னைக்கு நம்மளை யார் கேட்டா?" எனக்குச் சுருக்குனு தைச்சது. அந்தப் பம்பு எங்க குழியால்தான் நின்னதுன்னு சொல்ல முடியாது, அது வறட்சி வருஷம். அந்த அக்கா குழியால்தான் எங்க தண்ணி போச்சுன்னும் அறுதியாகச் சொல்ல முடியாது. ஆனால் பாறைக்குள்ளே ஓடுற வெடிப்புக்கு என் வீடு, உன் வீடு என்று வரப்பு கிடையாது. ஆளுக்கொரு குழி போட்டு ஒரே பானையில் இருந்துதான் உறிஞ்சுறோம். கிணற்றில் தண்ணி தெரிஞ்சது, பம்பில் கை சொன்னது. போரில் நமக்கு ஒண்ணும் தெரியலை.

அந்த அக்கா வீட்டுக்கு நானே போனேன். காபி போட்டுக் கொடுத்தாங்க. இதை எழுதலாமான்னு இப்போ அவங்ககிட்டேயே கேட்டேன். "எழுது, என் பேரை மட்டும் போட்டுடாதே" என்றாங்க. போடலை.

அதுக்கப்புறம் குழுவில் உட்கார்ந்து பேசினோம். போர் கடன் கேட்டால் இல்லைன்னு சொல்றதில்லை. ஆனால் சிலது செய்தால்தான் தீர்மானம் எழுதுவோம். ஊராட்சியில் அனுமதி வாங்கணும், தோண்டுறதுக்குப் பதினைந்து நாள் முன்னாலேயே எழுதிக் கொடுக்கணும். எத்தனை அடியோடு நிறுத்துறதுன்னு வண்டி வர்றதுக்கு முன்னாலேயே வீட்டில் பேசி, தீர்மானப் புத்தகத்தில் எழுதணும். ராத்திரியில் புகைக்கு நடுவே முடிவு எடுக்கக் கூடாது. தோண்டும்போது சுத்தி வேலி கட்டணும். தண்ணி வராத குழியை மூடுற செலவையும் கடன் தொகையிலேயே சேர்க்கணும். மூடினதை இரண்டு பேர் போய்ப் பார்த்துக் கையெழுத்துப் போடணும். தண்ணி வந்தால் குடிக்கிறதுக்கு முன்னால் பரிசோதனைக்குக் கொடுக்கணும். கூரை மழைத்தண்ணி குழாய் வழியாக மண்ணுக்குள் இறங்கணும். 2003-ல் வீட்டுக்கு வீடு மழைநீர் சேகரிப்புன்னு சட்டம் வந்தப்போ வச்ச குழாய் பல வீட்டில் உடைஞ்சு கிடந்தது. எங்க குழுவில் அதை முதலில் சரிபண்ணினோம்.

பக்கத்து வீட்டு அக்கா கூரைத் தண்ணியும் எங்க கூரைத் தண்ணியும் இப்போ இரண்டு வீட்டுக்கும் நடுவில் வெட்டின ஒரே உறிஞ்சு குழியில்தான் விழுது. ஜல்லி, மணல் போட்டு நாங்க இரண்டு பேருமே வெட்டினது. ஆழம் ஆறடி.

கடன் பதிவேட்டில் கடைசியாக நான் எழுதின நோக்கம்: 'பழைய போர்க் குழி மூடுதல், மூன்று வீடு.' இருபது வருஷத்துக்கு மேலான புத்தகத்தில் அப்படி ஒரு வரி அதுதான் முதல்முறை. உங்க குழுப் புத்தகத்தையும் ஒருதரம் எடுத்துப் பாருங்க. அப்படியே வாசலுக்கும் கொல்லைக்கும் போய், கல் வச்சு மூடின குழி ஏதாவது இருக்கான்னும் பாருங்க.